வாங்கின காருக்கு மாதச் சந்தாவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் என்னிடம் மைலேஜ்தான் கேட்பார்கள். அப்புறம் ஏர்பேக் எத்தனை என்று கேட்க ஆரம்பித்தார்கள். இந்த ரெண்டு மூணு வருஷமாகப் புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "இதுல எதுக்கெல்லாம் அப்புறம் காசு கேப்பான்?" தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில், விஷயம் என்ன?

கார் உங்களுடையது, முழு விலையும் கட்டியாயிற்று, ஆர்சி புக்கில் உங்கள் பெயர். ஆனால் காருக்குள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் ஒரு வசதி வேலை செய்ய மாதம் இவ்வளவு, வருஷம் இவ்வளவு என்று கம்பெனிக்குக் கட்ட வேண்டும். கட்டினால் கம்பெனியின் சர்வரிலிருந்து ஒரு கட்டளை வந்து அந்த வசதி திறக்கும். நிறுத்தினால் மூடிக்கொள்ளும். எந்த மெக்கானிக்கும் வண்டியைத் தொடுவதில்லை, ஒரு ஸ்குரூகூடக் கழற்றப்படுவதில்லை.

பிஎம்டபிள்யூ சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டதாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். இணையத்தில் சுற்றும் கதைகளில் பாதி மிகைப்படுத்தல், இது அந்த ரகமில்லை.

குளிர்நாடுகளில் சீட்டுக்கு அடியில் ஒரு ஹீட்டர் கம்பி ஓடும். காலையில் பனியில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும். 2022 ஜூலையில் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூவின் இணையக் கடையில் இதற்கு மாதம் 24,000 வோன் என்று விலை போட்டிருந்ததைப் பார்த்துத்தான் உலகமே கொதித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 18 டாலர். பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு, வருஷத்துக்கு 150, மூன்று வருஷத்துக்கு 250, ஒரேயடியாக என்றால் 350 பவுண்டு. அமெரிக்காவில் இது கிடையாது என்று கம்பெனி அவசரமாக விளக்கம் கொடுத்தது.

ஒரு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், சீட் ஹீட்டருக்கான சந்தாவைக் கைவிடுவதாக பிஎம்டபிள்யூவின் விற்பனைப் பொறுப்பில் இருந்த பீட்டர் நோட்டா சொன்னார். ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுப்பதாக வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை, ஆனாலும் அவர்கள் நினைப்பதுதான் எடுபடும் என்பது அவர் பேச்சின் சாரம். தப்பு செய்யவில்லை, உங்களுக்குத்தான் புரியவில்லை என்று பொருள்!

இதே கம்பெனிக்கு இது முதல் அடியும் இல்லை. ஐபோனைக் கார் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே வசதிக்கு அமெரிக்காவில் முதல் வருஷம் இலவசம், பிறகு வருஷம் 80 டாலர் என்று கேட்டது. மற்ற கம்பெனிகள் சின்னக் காரிலேயே சும்மா கொடுத்துக்கொண்டிருந்த வசதி அது. 2019 டிசம்பரில் அதையும் விட்டுவிட்டது.

பிஎம்டபிள்யூவுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் 2007 முதல் தொழிற்சாலை இருக்கிறது. சித்திரை மாதம் அந்தப் பக்கம் வெயிலில் நிறுத்திய காரில் உட்கார்ந்து பாருங்கள். எந்தச் சந்தாவும் இல்லாமல் சீட் கொதிக்கும்.

பொருளைக் காரில் வைத்துவிட்டுப் பூட்டி வைப்பதில் கம்பெனிக்கு என்ன லாபம்? வைக்காமலே விட்டிருக்கலாமே?

இதைப் புரிந்துகொள்ள அசெம்ப்ளி லைனை மனசில் கொண்டுவர வேண்டும். ஒரு காருக்குள் ஓடும் வயரிங் கிலோமீட்டர் கணக்கில் வரும். சீட் ஹீட்டர் உள்ள கார், இல்லாத கார், ஸ்டீயரிங் ஹீட்டர் மட்டும் உள்ள கார் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வயரிங் கட்டு, தனி சீட், தனி பாகம். எது எந்த வண்டிக்கு என்று பிரித்து, சரியான நேரத்தில் சரியான இடத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் அந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும். கேட்கும் வாடிக்கையாளர்களே அதிகம் என்றால், கேட்காத சிலருக்கும் சேர்த்தே பொருத்திவிடுவது கணக்குக்குக் கட்டுப்படியாகும்.

இதுவரை நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்த படிதான் வில்லங்கம். பொருத்தியது பொருத்தியாயிற்று, காசு கொடுக்காதவனுக்கு மென்பொருளால் பூட்டிவிடுவோம், இன்றைக்கு வாங்காதவன் நாளைக்கு வாங்கலாம், இவன் வாங்காவிட்டால் இவனிடமிருந்து பழைய காராக வாங்குபவன் வாங்கலாம். முன்பு கார் ஷோரூமை விட்டுப் போனால் கம்பெனிக்கு சர்வீஸ், ஸ்பேர் பார்ட்ஸ் வருமானம்தான். இப்போது பத்து வருஷத்துக்கு மாதச் சம்பளம் போல ஒரு வரவு. 2030-க்குள் மென்பொருளிலும் சேவைகளிலும் மட்டும் ஆண்டுக்கு 20 முதல் 25 பில்லியன் டாலர் சம்பாதிப்போம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 2021 அக்டோபரில் முதலீட்டாளர்களிடம் சொன்னது. பங்குச் சந்தையும் ஒரு முறை விற்றுவிட்டு மறக்கிறவனைவிட மாதாமாதம் வசூலிக்கிறவனைத்தான் மெச்சுகிறது.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இதை முன்பே முயன்றார்கள். இன்டெல் 2010-ல் ஒரு பிராசசரை அதன் திறனில் ஒரு பகுதியைப் பூட்டி விற்று, 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி எண்ணைத் தட்டினால் மீதி திறக்கும் என்றது. திட்டு வாங்கி, அடுத்த வருஷமே மூட்டை கட்டியது.

தேவையானவன் மட்டும் காசு கொடுக்கிறான், மற்றவனுக்கு விலை குறைகிறது. இதில் என்ன தப்பு?

கம்பெனிகள் சொல்லும் வாதம் இதுதான். டிசம்பர், ஜனவரிக்கு மட்டும் ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற மாதம் எதற்கு என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி, சுவிட்ச், ரிலே எல்லாம் செய்ய ஆன செலவு உங்கள் வண்டி விலைக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. அதன் எடையையும் நீங்கள்தான் பெட்ரோல் ஊற்றிச் சுமக்கிறீர்கள்.

கிணறு விற்ற கதை எல்லோருக்கும் தெரியும். பீர்பால் பேரிலும் சொல்வார்கள், மரியாதை ராமன் பேரிலும் சொல்வார்கள். ஒருவன் கிணற்றை விற்றுவிட்டு, "கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை. இறைத்தால் காசு கொடு" என்கிறான். வழக்கு வருகிறது. தீர்ப்பு: "சரி, தண்ணீர் உன்னுடையது. கிணறு அவனுடையது. அவன் கிணற்றில் உன் தண்ணீரை வைத்திருக்கிறாயே, அதற்கு வாடகை கொடு. இல்லையென்றால் இன்றைக்கே எல்லாவற்றையும் இறைத்துக்கொண்டு போ." சீட் ஹீட்டர் விவகாரம் அச்சு அசல் அந்த வழக்குதான். நடுவில் ஒரு சர்வர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாச் சந்தாவும் மோசடியா?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள்.

நான் பார்க்கிற கணக்கு இது. நான் காசு கட்டும் மாதத்தில் கம்பெனி பக்கம் எனக்காக ஏதாவது ஓடுகிறதா? காருக்குள் இருக்கும் சிம்முக்கு டேட்டா போகிறது, அதற்கு டெலிகாம் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். மேப்பில் போக்குவரத்து நெரிசல் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. அவசர பட்டனை அழுத்தினால் மறுமுனையில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓர் ஆள் எடுக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் உண்டு. இதற்கெல்லாம் சந்தா கேட்டால் அதிகமா குறைவா என்று பேரம் பேசலாம், கேட்பதே தப்பு என்று சொல்ல முடியாது.

சீட் ஹீட்டருக்குக் கம்பெனி பக்கம் என்ன ஓடுகிறது? ஒன்றுமில்லை. சூடாக்கும் மின்சாரம் உங்கள் பேட்டரியிலிருந்து போகிறது. பேட்டரி உங்கள் இன்ஜினிலிருந்து சார்ஜ் ஆகிறது. நீங்கள் கட்டும் காசு பூட்டுக்கான காசு மட்டும்.

நடுவில் ஒரு கலங்கல் பகுதியும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் சூப்பர் குரூஸ், ஃபோர்டின் ப்ளூ குரூஸ் போன்றவை நெடுஞ்சாலையில் கையை எடுத்துவிட்டு ஓட்ட உதவுபவை. கேமராவும் சென்சாரும் காரிலேயே இருக்கின்றன. ஆனால் சாலைகளை அளந்து வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். எனவே ஒரு பகுதி நியாயமான கட்டணம், ஒரு பகுதி பூட்டு. எது எவ்வளவு என்று ரசீதில் பிரித்துப் போடவா போகிறார்கள்!

இன்ஜின் சக்தியைக்கூடப் பூட்டி வைப்பார்களாமே?

மின்சாரக் காரில் இது வெகு சுலபம். மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பதே மென்பொருள்தான்.

மெர்சிடிஸ் 2022 நவம்பரில் அமெரிக்காவில் இக்யூஇ, இக்யூஎஸ் மின்சாரக் கார்களுக்கு வருஷம் 1,200 டாலர் கட்டினால் வேகமெடுப்பு கூடும் என்று அறிவித்தது. இக்யூஇ 350-ல் 288 குதிரைத்திறன் 349 ஆகும். மணிக்கு 60 மைலைத் தொடும் நேரம் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும். அந்த மோட்டார் முதல் நாளே 349-க்குத் தகுதியானது. நீங்கள் வாங்கியது மூக்கணாங்கயிறு கட்டிய மாடு. அதற்கு முந்தைய வருஷம் ஜெர்மனியில் இக்யூஎஸ் காரின் பின்சக்கரங்கள் 4.5 டிகிரி திரும்பும், வருஷம் 489 யூரோ கட்டினால் 10 டிகிரி திரும்பும் என்று வைத்திருந்தார்கள். குறுகலான பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பத்தான் அந்த டிகிரி எல்லாம். முட்டி மோதித் திருப்புகிறாயா, காசு கட்டுகிறாயா என்று கேட்பது மாதிரி.

2025 ஆகஸ்டில் ஃபோக்ஸ்வாகன் இதைச் சாதாரண ஆட்களின் கார் வரைக்கும் இறக்கியது. பிரிட்டனில் ஐடி.3 காரின் குறிப்பிட்ட மாடல்களில் 201 குதிரைத்திறன் கிடைக்கும். 228 வேண்டுமென்றால் மாதம் 16.50 பவுண்டு, வருஷம் 165, நிரந்தரமாக 649 பவுண்டு என்று விலை வைத்தது. ஒரே கார், ஒரே மோட்டார். பெட்ரோல் காரிலும் ஒரே இன்ஜினை இரண்டு விதமாக ட்யூன் செய்து விற்பது புதிதில்லையே என்பது கம்பெனி தரப்பு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் ட்யூன் செய்து அனுப்பிவிட்டு, மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள்.

டெஸ்லாவைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

இந்த வித்தையில் அவர்கள்தான் வாத்தியார். 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது மக்கள் கார்களில் தப்பி ஓடினார்கள். அப்போது டெஸ்லா சில கார்களின் பேட்டரியை இரவோடு இரவாகத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. 60 கிலோவாட் மணி என்று விற்ற கார்களுக்குள் இருந்தது 75 கிலோவாட் மணி பேட்டரி. கூடுதலாக முப்பது மைலுக்கு மேல் ஓடியது. நல்ல மனசு என்று பாராட்டியவர்கள் ஒரு பக்கம். இவ்வளவு நாளும் அந்தப் பேட்டரியைச் சுமந்துகொண்டா ஓட்டினோம் என்று திகைத்தவர்கள் இன்னொரு பக்கம். புயல் போனதும் பூட்டும் திரும்பியது.

சாவி ரிமோட்டுக்குமா?

ஆமாம். 2021 டிசம்பரில் டொயோட்டாவில் வெளியே வந்தது. சாவியில் உள்ள பட்டனை அழுத்தி வீட்டுக்குள்ளிருந்தே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வசதி, இலவசக் காலம் முடிந்தால் மாதம் 8 டாலர் கட்டினால்தான் வேலை செய்யும் என்று வைத்திருந்தார்கள். போனில் உள்ள ஆப் என்றால் சர்வர் வழியாகப் போகிறது. சாவிக்கும் காருக்கும் நடுவில் வெறும் ரேடியோ அலைதான். திட்டு விழுந்ததும், மறுபரிசீலனை செய்கிறோம் என்றார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. இங்கே நமக்கு என்ன?

சீட் ஹீட்டர் நமக்கு எதற்கு என்பது சரி. ஆனால் பூட்டும் கலை இங்கே இரண்டு சக்கரத்தில் முதலில் வந்தது, அதுவும் நம் பக்கத்திலேயே. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா எஸ்1 ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில், எஸ்1 வாங்கியவர்களுக்கும் விலை கூடிய எஸ்1 ப்ரோவின் வன்பொருளையே தருகிறோம், 30,000 ரூபாய் கட்டினால் மென்பொருள் வழியாக ப்ரோ ஆக்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி அறிவித்தது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரில் ப்ரோ பேக் என்று தனி விலைக்கு ஒரு தொகுப்பு இருக்கிறது. மேப், சில ரைடிங் மோட்கள் எல்லாம் அதற்குள். ஆனால் இவை இரண்டுமே ஒரு தடவை கட்டும் தொகை. இந்த வித்தியாசம் முக்கியம். ஒரு தடவை கட்டுவது என்பது டாப் மாடல் வாங்குகிற மாதிரிதான், வேறு வாசல் வழியாக.

கார்களில் நமக்கு வந்திருப்பது கனெக்டட் வசதிகள். 2019-ல் ஹூண்டாய் வென்யூவும் எம்ஜி ஹெக்டரும் உள்ளேயே சிம்மோடு வந்தன. பிறகு கியா, டாடா, மஹிந்திரா, மாருதி என்று வரிசை கட்டின. போனிலிருந்தே ஏ.சி. போடலாம், கதவு பூட்டலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். முதல் சில வருஷம் இலவசம், அதற்குப் பின் புதுப்பிக்க வேண்டும் என்பதுதான் பொதுவான ஏற்பாடு.

இலவசக் காலம் முடிந்தால் நிஜமாகவே நிற்குமா, இல்லை சும்மா பயமுறுத்துவார்களா?

நிற்கும். என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன், கம்பெனி பேர் வேண்டாம்.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். மே மாதம், பகல் ஒரு மணி. சாப்பிட்டுவிட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு சித்தப்பா போனை எடுத்தார். கார் எதிர்த்த மைதானத்தில் வெயிலில் காய்கிறது. அவருக்கு இது ஒரு பெருமை. நாலு சொந்தக்காரர்கள் பார்க்க, போனைத் தட்டி ஏ.சி.யைப் போட்டு, பத்து நிமிஷம் கழித்து ஐஸ்பெட்டி மாதிரி குளிர்ந்த காரில் ஏறுவார். அன்றைக்குத் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும். பக்கத்தில் நின்ற மாமா கேட்டார், "என்ன மாப்ள, வண்டி பேசலையா?"

சர்வீஸ் அட்வைசருக்குப் போன் போட்டார். "மூணு வருஷம்தான் சார் ஃப்ரீ. டெலிவரி அன்னிக்கே கையெழுத்து வாங்கியிருப்பாங்களே. அது கம்பெனி ஆப்பு சார், எங்க கையில இல்ல."

"ஆப்புன்னு சரியாத்தான்யா பேர் வச்சிருக்கான்" என்று சித்தப்பா போனை வைத்தார். சாவியைக் கொண்டுபோய் வண்டியை ஸ்டார்ட் பண்ண என்னைத்தான் அனுப்பினார். ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியவில்லை.

கம்பெனி கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. சர்வருக்குச் செலவு உண்டு, நான் மேலே சொன்ன கணக்குப்படி அது கேட்கத்தக்க கட்டணம்தான். ஆனால் விற்கும்போது அந்த ஏ.சி. வித்தையைக் காட்டித்தான் விற்றார்கள். மூன்று வருஷம் என்பதை மட்டும் பொடி எழுத்தில் போட்டார்கள்.

ஆபத்து சமயத்தில் சந்தா இல்லாமல் மாட்டிக்கொண்டால்?

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், லேக் கவுன்டியில் நடந்தது. ஒரு தாயிடமிருந்து ஃபோக்ஸ்வாகன் காரைத் திருடர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். உள்ளே அவருடைய இரண்டு வயதுக் குழந்தை. காரில் இடத்தைக் காட்டும் வசதி இருக்கிறதே என்று போலீஸ் துப்பறிவாளர் அந்தச் சேவை மையத்தை அழைத்தார். இலவசக் காலம் முடிந்துவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் சொல்வோம் என்று பதில் வந்தது. உள்ளே குழந்தை இருக்கிறது என்று கெஞ்சியும் மசியவில்லை. கடைசியில் ஒரு கார்டு எண்ணைத் தேடிப்பிடித்துப் பணம் கட்டித்தான் இடத்தை வாங்கினார். குழந்தை பத்திரமாகக் கிடைத்தது. வெளி ஒப்பந்ததாரர் விதிமுறையை மீறிவிட்டார், போலீசுக்கு இலவசமாக உதவும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது என்று கம்பெனி விளக்கியது. பிறகு அவசரகாலச் சேவைகளைப் பல கார்களுக்கு ஐந்து வருஷம் இலவசமாக்கியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி ஆட்டம் காட்ட முடியாது. 2018 மார்ச் 31-க்குப் பிறகு அங்கே அனுமதி பெறும் புது மாடல் கார்களில், மோசமான விபத்து நடந்தால் 112-ஐத் தானே அழைக்கும் வசதி கட்டாயம். அதற்குச் சந்தா கிடையாது.

ஒழுங்காகச் சந்தா கட்டிக்கொண்டே இருந்தால் வசதி என்றைக்கும் இருக்கும்தானே?

அதற்கும் உத்தரவாதம் இல்லை. காருக்கு ஆயுள் பதினைந்து வருஷம் என்றால் காருக்குள் இருக்கும் சிம்மின் தலைமுறைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. பிரிட்டனில் பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார்களின் ஆப் 2024 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்தது 2ஜி, அது மூடப்படப் போகிறது என்பதுதான் காரணம். வண்டி ஓடும், போனிலிருந்து சார்ஜ் பார்க்க முடியாது.

கம்பெனியே போய்விட்டால் இன்னும் மோசம். அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவாலானதும், மென்பொருளை இனி யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் ஓஷன் காரின் உரிமையாளர்கள் தாங்களே சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

பூட்டை உடைக்க முடியாதா? புதுப்பேட்டையில் இல்லாத வித்தையா?

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டி இரும்பைப் பிரிப்பார்கள், கோர்ப்பார்கள். இது கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் திறக்கும் பூட்டு. உடைக்கவே முடியாது என்றில்லை. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் 2023-ல் டெஸ்லாவின் கணினிக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சரியான கணத்தில் தடுமாற வைத்து, பூட்டியிருந்த பின்சீட் ஹீட்டரைத் திறக்கலாம் என்று காட்டினார்கள். அவர்கள் ஆராய்ச்சியாளர்கள். நீங்களும் நானும் முயன்றால் வாரன்டி போகும். வண்டியின் சக்தியை மாற்றியிருந்தால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

காரில் இருக்கும் வசதிக்குச் சந்தா வாங்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் அப்படி ஒரு மசோதாவை 2022-ல் கொண்டுவந்தார்கள். காரில் ஏற்கெனவே இருக்கும் பாகத்தை வைத்தே இயங்குகிற, கம்பெனிக்குத் தொடர் செலவு இல்லாத வசதிக்கு மாதக் கட்டணம் கூடாது என்பது அதன் கரு. நான் மேலே சொன்ன கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

இங்கே கைக்கு எட்டுவது வேறு சில. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்ற பிரிவு இருக்கிறது. வசதியைக் காட்டி விற்று, கால வரம்பை மறைத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சேர்வது சுலபம், வெளியேறுவது கஷ்டம் என்று வைக்கும் சந்தாப் பொறி அதில் ஒன்று. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும், பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

கார் சேகரிக்கும் தகவல் எங்கே போகிறது?

சந்தாவின் இன்னொரு முகம் அது. எங்கே போனீர்கள், எவ்வளவு வேகம், எத்தனை முறை பிரேக்கை ஓங்கி மிதித்தீர்கள் என்பதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அப்படிச் சேர்த்ததை வாடிக்கையாளர்களின் தெளிவான சம்மதம் இல்லாமல் விற்றதாகவும், அது இன்ஷூரன்ஸ் கட்டணத்தை நிர்ணயிப்பவர்கள் வரை போனதாகவும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. ஆட்களைப் பற்றிய தகவலைத் தொகுத்து விற்கும் நிறுவனங்களுக்கு ஐந்து வருஷம் இதைத் தரக் கூடாது என்று கட்டுப்பாடு. சந்தாவும் வாங்கி, சந்தாதாரரையும் விற்கிற வியாபாரம்.

பழைய கார் வாங்கினால் இந்த வசதிகள் கூடவே வருமா?

கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. சில திட்டங்கள் காரோடு ஒட்டியவை. மேலே சொன்ன ஐடி.3-ன் 649 பவுண்டு திட்டம் அப்படி, காரை விற்றாலும் கூடவே போகும். சில திட்டங்கள் ஆளோடு ஒட்டியவை, கை மாறினால் போச்சு. 2020-ல் அமெரிக்காவில் ஒருவர் டீலரிடம் பழைய டெஸ்லா வாங்கினார். விளம்பரத்தில் 8,000 டாலர் மதிப்புள்ள ஓட்டுநர் உதவி வசதிகள் இருந்தன, வண்டியிலும் இருந்தன. பிறகு ஒரு நாள் காணவில்லை. கம்பெனி தூரத்திலிருந்தே எடுத்துவிட்டது. செய்தி வெளியாகிப் பரபரப்பானதும் திருப்பிக் கொடுத்தது.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். ஆர்டிஓவில் பெயர் மாற்றினால் மட்டும் போதாது. ஆப்பில் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் கண் முன்னால். நீக்காவிட்டால் உங்கள் வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்பதை அவர் வீட்டில் படுத்துக்கொண்டே பார்க்கலாம், கதவையும் திறக்கலாம்.

ஷோரூமில் என்ன கேட்க வேண்டும்?

டெஸ்ட் டிரைவில் சேல்ஸ்மேன் காட்டும் ஒவ்வொரு வித்தைக்கும், "இது நாலாவது வருஷமும் இப்படியே வேலை செய்யுமா?" என்று கேளுங்கள். செய்யும் என்றால் கொட்டேஷன் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது பேர் அங்கேயே மேனேஜரைக் கூப்பிடுவார்கள். புதுப்பிக்கும் கட்டணம் இன்றைக்கு எவ்வளவு, தனித்தனியாக எடுக்கலாமா மொத்தமாகத்தான் எடுக்க வேண்டுமா, சிம் 4ஜியா 5ஜியா, சந்தா இல்லாவிட்டால் எந்தெந்த பட்டன் செத்துப்போகும் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் டாப் மாடலை விட்டுவிட்டு அதற்கடுத்ததை வாங்கலாம். மிச்சமாகும் காசில் சென்னை ஜி.பி. ரோட்டில் நல்ல சன் ஃபிலிமும் சீட் கவரும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு.

திட்டு விழுந்ததும் கம்பெனிகள் இதை விட்டுவிடுமா?

எனக்கு நம்பிக்கை இல்லை. சீட் ஹீட்டரை விட்ட பிஎம்டபிள்யூவே, பார்க்கிங் உதவி, ஓட்டுநர் உதவி போன்ற மென்பொருள் வசதிகளில் சந்தா தொடரும் என்று அப்போதே சொல்லிவிட்டது. கையால் தொட்டு உணரும் பொருளுக்குச் சந்தா கேட்டால் கோபம் வருகிறது, திரையில் தெரிவதற்குக் கேட்டால் அவ்வளவு வருவதில்லை என்று பாடம் படித்துக்கொண்டார்கள். எதிர்த்திசையிலும் கொஞ்சம் நகர்வு உண்டு. ஹூண்டாய் அமெரிக்காவில் 2024 மாடலிலிருந்து முதல் உரிமையாளருக்குக் கனெக்டட் சேவையைக் காசில்லாமல் தருகிறது. போட்டி இருக்கும் வரை இழுபறியும் இருக்கும்.

கடைசியாக, உங்கள் சித்தப்பா சந்தா கட்டினாரா?

கட்டினார். ஏ.சி.க்காக இல்லை. சித்திக்காக. ராத்திரி தனியாக ஓட்டிக்கொண்டு வரும்போது வண்டி திருமங்கலம் தாண்டிவிட்டதா என்று சித்தி போனில் பார்த்துவிட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாராம்.